தசைச்சிதைவு நோயும் அன்னையரும்

மக்கட்கு வரும் பிணிகளுள் பல யாவரும் அறிந்தவை. காய்ச்சல், அம்மை, வயிற்றுக்கடுப்பு என்றால் அண்டையயலார் ஒவ்வொருவரும் ஒரு கைம்மருந்து கூறுவர். தாய்க்கும் அவற்றின் போக்குத் தெரியும். வேறு சில பிணிகளோ மிக அருகியே தோன்றுவன. ஓர் ஊரில் ஒரு வீட்டிலன்றி மறு வீட்டில் அவற்றைக் காணல் இயலாது. ஊரார் வாயில் அவற்றுக்குப் பெயரும் இல்லை. அத்தகைய பிணிகளுள் ஒன்றாகிய டூஷேன் தசைச்சிதைவு நோயைப்பற்றியும், அந்நோயுற்ற மைந்தரைப் பேணும் அன்னையரைப்பற்றியும் இங்குச் சிறிது ஆராயப் புகுகின்றோம். மருத்துவ நூலைச் சுருக்கித் தருவது நம் கருத்தன்று. ஆயினும் நோயின் இயல்பை அறியாதார்க்கு அத்தாயின் தொழில் இன்னதென விளங்காதாதலின், அதனை முதற்கண் கூறவேண்டியுள்ளது.

இந்நோய் பெரும்பாலும் ஆண்மக்களையே பற்றுவது. பிறக்கும் ஆண்குழந்தைகளுள் 3,500 பேர்க்கு ஒருவர் முதல் 5,000 பேர்க்கு ஒருவர் வரை இதற்கு உள்ளாவதாக மருத்துவர் கணக்கிடுவர். பிறந்தபொழுது குழந்தையிடம் குறையொன்றும் தோன்றாது. பால் குடிக்கும், தவழும், சற்றுக் காலந்தாழ்த்து நடக்கும். மூன்று நான்கு வயதளவில் அடிக்கடி விழத் தொடங்கும். முன்னங்காலை ஊன்றி நடக்கும். படியேறும்போது சுவரைப் பற்றும். தரையிலிருந்து எழுங்கால் நேரே எழாது, குப்புறத் திரும்பிக் கைகளை ஊன்றி, பின்பு முழங்காலிலும் தொடையிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவைத்து, தன்னுடம்பின்மேல் தானே ஏறுவதுபோல எழும். இலண்டன் மருத்துவராகிய கவர்ஸ் என்பார் இவ்வெழுச்சியை 1879இல் விளங்க எழுதினார். இன்றளவும் அவர் பெயராலேயே அக்குறி வழங்குகின்றது.

இந்நோயின் தொடக்கத்தில் ஒரு விந்தையும் உண்டு. கெண்டைக்காற் சதை சுருங்குவதற்கு மாறாகப் பருத்துக் காணப்படும். உறவினர் அதனைக் கண்டு, 'பிள்ளைக்குப் பயில்வான் கால்' என்று மகிழ்வர். அப்பருமன் வலிவாலாயதன்று, தசையின் இடத்தைக் கொழுப்பும் நாரும் நிரப்பியதாலாயது. ஏதோ சரியில்லை என்று முதலில் உணர்பவள் பெரும்பாலும் தாயே. அவள் சொல்ல, 'சில பிள்ளைகள் தாமதமாகத்தான் தேறும்' என்று வீட்டாரும், சிலபோது மருத்துவரும், அமைதி கூறுவர். இவ்வாறு ஓராண்டும் ஈராண்டும் கழிவது பல நாடுகளிலும் காணும் செய்தி. அக்காலத்தில் எண்ணெய் தேய்த்தலும், வேர் கட்டுதலும், நேர்த்திக்கடன் வைத்தலும் நிகழும். இவற்றை நாம் இகழ்வதற்கில்லை. செய்வதறியாதவள் தன் கைக்கு எட்டியதைச் செய்கின்றாள்.

நோயின் காரணம் யாதெனில் கூறுவோம். தசையிழை சுருங்கி விரியும்போது அதன் மெல்லிய உறை கிழிந்துபோகாமல் தாங்கிநிற்கும் புரதம் ஒன்று உண்டு. அதற்கு டிஸ்ட்ரோபின் என்று பெயர். அது இல்லாத தசையில் ஒவ்வோர் அசைவும் ஒரு சிறு சேதத்தை விளைக்கும். இளமையில் உடம்பு அச்சேதத்தைச் செப்பஞ்செய்துகொள்ளும். நாளடைவில் செப்பஞ்செய்யும் ஆற்றல் ஓயும். முதலில் இடுப்பும் தொடையும், பின்னர்த் தோளும் கையும், இறுதியில் மூச்சுத்தசையும் நெஞ்சுப்பையும் தளரும். மருந்தின்றி விடப்பட்ட சிறுவர் பன்னிரண்டு வயதளவில் நடையிழப்பர். விரல்களின் அசைவு மட்டும் நெடுங்காலம் நிற்கும்.

1852இல் எட்வர்டு மெரியன் என்னும் ஆங்கில மருத்துவர், இந்நோய் உடன்பிறந்த ஆண்மக்கள் பலர்க்கு வருவதையும், குறை நரம்பிலன்றித் தசையிலே உளதென்பதையும் எழுதி வெளியிட்டார். பாரிசு நகரத்து டூஷேன் என்பார் 1868இல் பதின்மூன்று சிறுவரின் நிலையை விரித்தெழுதியமையால் நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது. பிழையுற்ற மரபணுவை 1986இல் அமெரிக்காவில் குங்கல் என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் கண்டனர். அடுத்த ஆண்டே மேற்சொன்ன புரதமும் அறியப்பட்டது. மெரியன் எழுதியதற்கும் அதற்கும் இடையே நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அவ்வளவு காலமும் மருத்துவர் நோயைக் கண்டு பெயர் சொல்லினர், பேணியவர் தாய்மார்.

அம்மரபணு இருக்குமிடமே தாயின் துயரை இருமடங்காக்குவது. எக்ஸ் எனப்படும் குரோமோசோம் பெண்ணுக்கு இரண்டும் ஆணுக்கு ஒன்றும் உள. தாயின் இரண்டனுள் ஒன்றில் பிழை இருப்பின், மற்றொன்று அவளைக் காக்கும். அவள் நோயற்றவளாகவே வாழ்வாள். மகனோ தாயிடமிருந்து ஒன்றையே பெறுகின்றான். பிழையுற்றது அவனுக்கு வாய்க்குமாயின் காப்பதற்கு வேறில்லை. ஒவ்வொரு மகனுக்கும் இது நேரப் பாதிக்குப் பாதி இடமுண்டு. ஒவ்வொரு மகளும் தாயைப் போலவே பிழையைச் சுமப்பவளாக இருக்கவும் அவ்வாறே இடமுண்டு. நோயுற்றோருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர்க்குத் தாயிடம் இப்பிழை இல்லாமலே புதிதாகத் தோன்றிவிடுவதும் உண்டு.

மருத்துவர் ஒரு தாளில் வட்டமும் சதுரமும் வரைந்து இதனை விளக்கும்போது, தாய் கேட்பது ஒன்றே: 'என்னால் வந்ததா?' அறிவியல் கூறும் விடை, அவள் உடல்வழி வந்தது என்பது. அவள் செயலால் வந்தது என்பதன்று. இவ்விரண்டற்குமுள்ள வேற்றுமை மாணாக்கர்க்கு எளிதில் விளங்கும். மாமியார்க்கும் நாத்திமார்க்கும் விளங்குவதில்லை. 'எங்கள் குலத்தில் இப்படி ஒன்றில்லை' என்ற சொல் பிறந்த வீட்டையும் சேர்த்துக் குற்றஞ்சாட்டும். அச்சொல்லைக் கேட்டுத் தன்னையே நொந்துகொள்ளும் தாய், அதற்கு ஈடுசெய்வாள்போல ஒருவர் உதவியையும் ஏலாது, தானே எல்லாவற்றையும் சுமக்கத் தலைப்படுகின்றாள். பிறர் இதனைத் தாயன்பு என்று புகழ்வர். அதனுள் எத்துணைப் பங்கு அன்பு, எத்துணைப் பங்கு தண்டனை என்று நாம் நின்று கேட்பதில்லை.

நம் நாட்டார்க்கு இங்கு ஒன்று தனியே கூறவேண்டும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது நம்மிடை வழக்கமாதலின், இந்நோயும் அதனால் விளைந்தது என்று பலரும் கருதுவர். நெருங்கிய உறவில் மணப்பதால் மிகும் நோய்கள் உள. அவை தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பிழை வந்து கூடுவதாலாவன. டூஷேன் நோய் அவ்வகையினதன்று. முற்றும் அயலாரை மணந்தாலும், பிழையைச் சுமக்கும் தாயின் மைந்தர்க்கு இது வரும். ஆகவே உறவில் மணந்ததற்காக ஒருவரையொருவர் பழிப்பது இந்நோயைப் பொறுத்தமட்டில் பொருளற்றது.

இதனினும் கடினமானது மகளைப்பற்றியது. தம்பிக்கு இந்நோய் உண்டென்று தெரிந்தால் அக்காளை யார் மணப்பார் என்றெண்ணித் தாய் நோயின் பெயரை மறைப்பாள். தன் தங்கைமாரிடத்தும் சொல்லாள். அத்தங்கையரும் அவர்தம் பெண்மக்களும் பிழையைச் சுமப்பவராயிருத்தல் கூடும். இரத்தச் சோதனை ஒன்றால் அதனை அறியலாம். அறிந்தோர் மகப்பேற்றுக்கு முன் மரபியல் மருத்துவரிடம் அறிவுரை பெறலாம். மறைத்ததால் ஒரு மகளின் மணம் நடந்தேறும். அதே மறைப்பால் பத்தாண்டுக்குப்பின் தங்கை வீட்டில் மற்றொரு சிறுவன் விழுந்தெழக் காணவும் நேரும். மறைத்தவளைக் குறைகூறுமுன், அவளை மறைக்கச் செய்தவர் யார் என்றும் நாம் எண்ணவேண்டும். பெண் பார்க்கச் செல்வோருள் நாமும் இருக்கின்றோம்.

இனி, அவள் நாளும் செய்யும் தொழிலுக்கு வருவோம்.

படுக்கையிற் புரள்வதென்பது நாம் அறியாமலே செய்யும் செயல். பதினைந்து வயதளவில் இச்சிறுவனுக்கு அது இயலாது. ஒரு பக்கமாகக் கிடந்த தோளும் இடுப்பும் நோவெடுக்க, இருளில் மெல்ல அழைப்பான்: 'அம்மா, திருப்பி விடு.' அவள் எழுந்து திருப்பவேண்டும். திருப்பினால் மட்டும் போதாது. மடங்கிய காதை நீவி, விரிப்பின் சுருக்கத்தை எடுத்து, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்து, கை எங்குக் கிடக்கவேண்டுமென்று கேட்டு அங்கு வைக்கவேண்டும். ஒரு மணியோ இரண்டு மணியோ கழிந்து மறுபடியும் அழைப்பு. சில இரவில் நான்கு முறை. சில இரவில் எட்டு முறை. தாய் எழும் ஓசையைக் கேட்டுத் துன்புறும் மகன், நோவைப் பொறுத்து அழைக்காமல் கிடப்பதும் உண்டு. அவன் அழைக்காத இரவில் அவள் அஞ்சி எழுந்து, மூச்சிருக்கின்றதா என்று பார்ப்பாள். ஒரு திங்களுக்கு இதனைச் செய்யலாம். இவர்கள் பத்தாண்டும் அதற்கு மேலும் செய்கின்றனர்.

பகலில் தூக்குதல். மகன் வளர வளர அவள் முதுமை அடைகின்றாள்; அவன் ஐம்பது அறுபது கிலோ எடை எய்தும்போது அவள் முதுகு அதற்கு ஈடு கொடுப்பதில்லை. மேல்நாடுகளில் வீட்டுக்குள் தூக்கும் பொறிகள் உள. நம் வீடுகளிலோ நிலைப்படி ஒன்றே சக்கர நாற்காலியைத் தடுத்துவிடும். தரையோடமைந்த கழிப்பிடம் அவனுக்கு உதவாது. பேருந்தின் உயர்ந்த படியைப்பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. பள்ளியில் சிறுநீர் கழிக்க ஒருவர் உதவி வேண்டுமே என்று கூசி, காலை முதல் மாலை வரை நீர் அருந்தாதிருக்கும் சிறுவர் பலர். வறண்ட உதட்டையும் மலச்சிக்கலையும் கொண்டு தாயே அதனைக் கண்டறிவாள். பதினான்கு வயது மகனை அன்னை நீராட்டுவதில் இருவர்க்கும் உள்ள கூச்சத்தை யாரும் பேசுவதில்லை. தந்தையோ தம்பியோ அதனை ஏற்றுக்கொள்ளும் வீடுகளில் அம்மகனின் முகம் தெளிவாயிருக்கும்.

மருந்து கொடுப்பதும் அவளே. ஸ்டீராய்டு வகை மருந்துகள் நடையிழப்பைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்கும். அவற்றால் முகம் வீங்கும், பசி மிகும், சினம் எளிதில் எழும், வளர்ச்சி குன்றும், எலும்பு வலிவிழக்கும். இவற்றைக் கண்டஞ்சித் திடீரென்று நிறுத்துவது உயிர்க்கே கேடாகும். மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்தல் வேண்டும். அறுவை நிகழுங்கால் மயக்கமருந்து தருவோர்க்கு நோயின் பெயரை முன்னரே அறிவித்தல் வேண்டும். வழக்கமாகத் தரும் மருந்துகளுள் சில இச்சிறுவர்க்குப் பெருந்தீங்கு விளைப்பன. இவற்றையெல்லாம் எழுத்தறிவு மிகாத தாய்மாரும் நன்கு கற்றுக்கொள்கின்றனர் என்பது வியப்புக்குரியது. சளியின் ஒலியைக் கேட்டே மார்பில் எப்பக்கம் அடைத்துள்ளதென்று சொல்வர்.

பேணுதலால் பயன் உண்டா என்று ஐயுறுவார்க்கு ஒரு கணக்குச் சொல்வோம். இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்து மருத்துவர், தம்மிடம் வந்த டூஷேன் நோயினரின் வாழ்நாளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் இறந்த சராசரி வயது 14.4. 1990க்குப்பின் இரவில் மூச்சுக்கருவி பெற்றவர்க்கு அது 25.3 ஆயிற்று. நோயின் மூலத்தைத் தீர்க்கும் மருந்தொன்றும் அப்போது இல்லை. மூச்சுக்கருவியும், முதுகெலும்பு வளையாமற் காத்தலும், சளியை அகற்றுதலும், இரவுதோறும் ஒருவர் எழுந்து முகமூடியைச் சரிசெய்தலுமே அவ்வேறுபாட்டை விளைத்தன. இன்று முப்பது வயதைக் கடந்தோரும் உளர். பட்டம் பெற்றோரும் தொழில் புரிவோரும் உளர். ஆகவே 'எப்படியும் போகிறவன், படிப்பெதற்கு' என்னும் பேச்சு, கொடியது என்பதோடு பொய்யும் ஆகும்.

ஆயினும் இந்நோயில் துயர் ஒருமுறை வந்து ஆறிவிடுவதில்லை. சைமன் ஒல்ஷான்ஸ்கி என்னும் அமெரிக்கர், அறிவு வளர்ச்சி குன்றிய மக்களின் பெற்றோரைக் குறித்து 1962இல் எழுதிய கட்டுரையில், அத்துயரை 'நீடித்த துயர்' என்று அழைத்தார். அது நோயன்று, இயற்கையே என்பது அவர் கொள்கை. இங்கும் அது பொருந்தும். நோயின் பெயர் கேட்ட நாளில் ஒருமுறை. நடை நின்ற நாளில் ஒருமுறை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோகக் கை எழாத நாளில் ஒருமுறை. ஒத்த வயதினன் கல்லூரிக்குச் செல்லக் காணும்போது ஒருமுறை. ஒவ்வொருமுறையும் அவள் புதிதாக இழக்கின்றாள். 'இன்னுமா மனம் தேறவில்லை' என்று கேட்போர், தேறுவதற்கு இடைவேளை ஏது என்று எண்ணுவதில்லை. மகனே ஒருநாள், 'நான் எத்தனை வயதுவரை இருப்பேன்?' என்று வினவுவான். வயதுக்கேற்ற அளவில், கேட்டதற்கு மட்டும், பொய்யின்றி விடையிறுப்பதே நன்று என்பர் இத்துறையில் பழகியோர். மறைத்த வீடுகளில் அவன் வேறிடத்திலிருந்து அறிந்துகொண்டு, தாய் வருந்துவாளே என்று தானும் மறைப்பான். இருவரும் ஒருவரையொருவர் காப்பதாக எண்ணித் தனித்தனியே அழுவர்.

அமெரிக்க நாட்டில் செவிலியாகப் பணியாற்றிய பாட் பர்லாங் என்னும் அம்மையாரின் வரலாறு அறியத்தக்கது. அவர்தம் மைந்தர் இருவர்க்கும் இந்நோய் உண்டென 1984இல் தெரிந்தது. ஆராய்ச்சிக்குப் பொருள் இல்லையென்று கண்ட அவர், ஏனைய பெற்றோரைக் கூட்டி 1994இல் ஒரு சங்கம் நிறுவினார். 1995இல் மூத்த மகன் இறந்தான். அடுத்த ஆண்டு இளையவனும் இறந்தான். அம்மையார் தம் பணியை விட்டாரல்லர். அவரும் ஏனைய பெற்றோரும் அரசியலாரிடம் நடந்து நடந்து வற்புறுத்தியதன் பயனாகத் தசைச்சிதைவு நோய்களின் ஆராய்ச்சிக்கெனத் தனிச்சட்டம் ஒன்று 2001இல் அந்நாட்டில் நிறைவேறிற்று. பின்னர் அச்சங்கத்தின் சார்பில், மருந்தொன்றனிடம் நீவிர் வேண்டுவது யாது என்று பேணுவோர் நூற்றுக்கு மேற்பட்டாரை வினவினர். அதன் முடிவு 2014இல் வெளிவந்தது. ஆயுளை நீட்டாவிடினும் தசையின் நலிவை நிறுத்தும் மருந்தே மேல் என்பது அவர்கள் தந்த விடை. தானே உண்ணும் கையும், தானே புரளும் உடம்பும் அவர்கட்கு எண்ணிக்கை மிகுந்த ஆண்டுகளினும் பெரியனவாகத் தோன்றின. ஆய்வுக்கூடத்திலிருப்பார்க்கு இது எளிதில் தோன்றியிராது.

புதிய மருந்துகள் வந்துகொண்டிருக்கின்றன. மரபணுவையே உடம்பினுட் செலுத்தும் மருந்தொன்று 2023இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது. அதன் விலை 32 இலட்சம் டாலர். நம் பணத்தில் 25 கோடி ரூபாய்க்கு மேல். 2025இல் அம்மருந்தேற்ற சிறுவர் இருவர் கல்லீரல் பழுதுற்று இறந்தமையும் மறக்கற்பாலதன்று. நம் நாட்டில் 2021இல் வகுத்த அரிய நோய்க் கொள்கையின்கீழ் ஒருவர்க்குக் கிடைக்கக்கூடிய உதவியின் உச்சம் 50 இலட்சம் ரூபாய். இவ்விரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு வேறு விளக்கம் வேண்டா. எனினும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் தசைச்சிதைவைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. தமிழ்நாட்டரசு இந்நோயினர்க்கு மாதந்தோறும் பராமரிப்புத் தொகை அளிக்கின்றது. சான்றிதழ் பெறுதற்கு அலுவலகந்தோறும் மகனைத் தூக்கிச் செல்லும் தாய்க்குத் துணையாக, படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு மாணாக்கன் செல்வானாயின் அது சிறிய உதவியன்று.

இத்தாயர்க்கு வேண்டுவது ஓய்வே என்று கண்டு, 1982இல் ஆக்ஸ்போர்டு நகரில் துறவற மகளிர் ஒருவர், நெடுநோயுற்ற சிறார்க்கென ஓர் இல்லம் திறந்தார். கடுநோயுற்ற ஒரு சிறுமியின் பெற்றோரோடு பழகி, அச்சிறுமியை இடையிடையே தம்மிடம் வைத்துப் பேணி அவர்கட்கு ஓய்வளித்ததிலிருந்து அவ்வெண்ணம் பிறந்தது. சிறுமியின் பெயரே இல்லத்துக்கும் இடப்பட்டது. ஹெலன் இல்லம் என்னும் அதுவே இவ்வகையில் உலகில் முதலாவது. மக்களை அங்குச் சில நாள் விட்டுப் பெற்றோர் உறங்கலாம். உடன் தங்கவும் செய்யலாம். நம்மூர்களில் அத்தகைய இல்லம் இல்லாவிடினும், ஓர் இரவு திருப்பிவிடக் கற்றுக்கொண்ட ஓர் அத்தையோ, சித்தப்பனோ, அண்டை வீட்டாரோ போதும். கற்றுக்கொள்ள அரைநாள் பிடிக்கும். முதலிரவு தாய் உறங்கமாட்டாள். கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டாம் மூன்றாம் இரவில் உறங்குவாள்.

இக்கல்லூரியிற் கற்றுச் செல்வோருள் பலர் ஆசிரியராவர். தொடக்க வகுப்பில் அடிக்கடி விழும் சிறுவனை, தரையிலிருந்து தொடையைப் பற்றி எழும் சிறுவனைக் காண்பின், சோம்பலென்று கடியாமல் பெற்றோரை அழைத்துக் குழந்தை மருத்துவரிடம் அனுப்புக. எளிய இரத்தச் சோதனை ஒன்றே முதலில் வழிகாட்டிவிடும். அவன் மேல்வகுப்புக்கு வரும்போது அவ்வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுக. ஐம்பது மாணாக்கர் படியிறங்கி வருவது ஒரு மாணாக்கன் ஏறுவதினும் எளிது.

இன்னும் ஒன்று சொல்லவேண்டியுள்ளது. பிழையுற்ற மரபணுவைச் சுமக்கும் பெண்டிர் நோயற்றவர் என்று மேலே கூறினோம். முற்றும் அவ்வாறன்று. அவருட் சிலர்க்குத் தசைத்தளர்ச்சி சிறிது உண்டு. சிலர்க்கு நடுவயதில் நெஞ்சுப்பை தளர்ந்து விரிவதும் உண்டு. ஆதலின் அவரும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகட்கு ஒருமுறை நெஞ்சுப்பையைச் சோதித்துக்கொள்ளவேண்டுமென்று மருத்துவர் வகுத்துள்ளனர். படியேறினால் மூச்சு வாங்குவதையும் கால் வீங்குவதையும் தூக்கிய களைப்பென்றே இவர்கள் கொள்வர். மகனை ஆண்டுதோறும் நெஞ்சுநோய் மருத்துவரிடம் கொண்டுசெல்லும் தாய், அவன் இறங்கிய அதே கட்டிலில் தானும் ஒருமுறை படுத்துச் சோதித்துக்கொள்வதற்கு அரைமணி நேரம் போதும். உடன் செல்பவர் அதனை மருத்துவரிடம் தாமே கேட்கவேண்டும், அவள் கேட்கமாட்டாள்.